முப்பத்தாறுக்கு முப்பத்தாறு

பாலக்கரை அக்னஸ் டீச்சரோடு எங்காவது கிளம்பிப் போவது பெரிய வேதனை என்று அவரிடம் படித்த பெண்கள் எல்லாரும் சொல்வார்கள். முக்கொம்புக்கு ஒருநாள் பயணம் என்றால் பஸ் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம், சாப்பிட உட்காரும்போது ஒரு தரம், கை கழுவிவிட்டு வந்ததும் ஒரு தரம் எண்ணுவார். வாயால் எண்ணினால் அவருக்குத் திருப்தி கிடையாது. ஒவ்வொரு தலையிலும் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும். ஆசையாகத் தாழம்பூ வைத்துப் பின்னிக்கொண்டு வந்தவளின் பின்னல் மத்தியானத்துக்குள் சப்பையாகிவிடும். "டிரில் டீச்சராயிருந்துகிட்டு, வரிசையா நம்பர் சொல்லுங்கன்னா முடிஞ்சுது. எதுக்கு இந்தப் பாடு?" என்று புதிதாக வந்த ஆசிரியைகள் சிரிப்பார்கள். அக்னஸ் பதில் சொல்லமாட்டார். அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் 'மாணவியர் வருகை குறைவு' என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. அதைப் பற்றிக் கேட்டாலும் சொல்லமாட்டார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

அவர் பயந்த சுபாவம். இதை மூடிப் பேசி என்ன ஆகப்போகிறது? நாய் குரைத்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் ஜெபமாலையோடு புகுந்துகொள்வார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கொஞ்சம் அதட்டினால் எந்த ஊருக்கு டிக்கெட் என்பதே மறந்துபோகும். அப்படிப்பட்டவரை டிரில் டீச்சராக்கியது அவருடைய அப்பா செபஸ்தியான். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். பெண்கள் பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி ஆசிரியைகளைத் தேடுகிறார்கள் என்று பேப்பரில் படித்ததும் மகளை மெட்ராசுக்கு அனுப்பிச் சர்டிபிகேட் வாங்க வைத்துவிட்டார். "இவளுக்குக் குரலே எழும்பாதே, இவ எப்படிங்க பொட்டல்ல நின்னு கத்துவா?" என்று அம்மா கேட்டாள். செபஸ்தியான் யோசித்துப் பார்த்துவிட்டு, கருப்பு நாடாவில் கோத்த ஒரு நிக்கல் விசில் வாங்கி வந்து மகள் கழுத்தில் மாட்டினார். "இதுதான்மா இனிமே உன் குரல்" என்றார்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் இருந்தது, மைதானம் மட்டும் இல்லை. மைதானம் இல்லாத பள்ளிக்கு அங்கீகாரம் சிக்கல் என்று சர்க்கார் ஒரு படிவம் அனுப்பியபோது, பள்ளியின் தாளாளர் 'விளையாட்டு மைதானம் உண்டா?' என்ற இடத்தில் 'உண்டு' என்று தைரியமாக எழுதினார். 'பரப்பு' என்ற இடத்தில் 'போதுமானது' என்று எழுதினார். பொய் இல்லை. பள்ளிக்குப் பின்னால் பத்து நிமிஷ நடையில் கொள்ளிடம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அரை மைல் அகலத்துக்கு வெறும் மணல். சர்க்கார் ஆற்றையே சர்க்காருக்கு மைதானமாகக் காட்டிய புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது?

அந்த மணலில் அக்னஸ் ஆறு வருஷம் டிரில் சொல்லிக்கொடுத்தார். விசில்தான் எல்லாம். ஒரு நீள விசில் ஊதினால், எங்கே இருந்தாலும் என்ன செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு டீச்சரிடம் ஓடிவர வேண்டும். இடைவேளையில் பிள்ளைகளை வகுப்பில் அடைத்து வைக்கக் கூடாது, கண்காணிப்போடு ஓடியாட விட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தபோது, அதற்கென்று ஒரு கொடி விளையாட்டும் ஏற்படுத்தினார். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் விசில் கேட்காது, அதற்கு ஒரு சிவப்புத் துணிக்கொடி. கொடியை எந்தப் பக்கம் நீட்டுகிறாரோ அந்தப் பக்கம் ஓட வேண்டும். தப்பான பக்கம் ஓடினவள் அவுட். எட்டாம் வகுப்புப் பவுனம்மாள் மட்டும் அவுட்டானதே கிடையாது. டீச்சர் தோள் அசையும்போதே அவள் கால் கிளம்பிவிடும். அவள் கொள்ளிடத்துக்கு அக்கரை ஊர்ப் பெண். ஆறு வறண்டிருக்கும்போது பாலம் சுற்றாமல் மணலிலேயே நடந்து பள்ளிக்கூடம் வருவாள்.

வினை வேறொரு சுற்றறிக்கையில் வந்தது. உடற்பயிற்சி இனிமேல் கட்டாயம், முக்கால் பங்கு வகுப்புகளுக்காவது வராத மாணவியை மேல்வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்றது அது. எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் எழுதிய மேஜையில் ஒரு பெண்பிள்ளையும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது நிச்சயம். மாதத்தில் மூன்று நாள் பெண்கள் பள்ளிக்கே வரமாட்டார்கள். வீட்டில் ஒதுக்கி உட்கார வைத்துவிடுவார்கள். அதோடு விரதம், விசேஷம், திருவிழா எல்லாம் சேர்ந்தால் முக்கால் எங்கே தேறும்?

உடற்கல்வி இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தப் பொண்ணுங்க மாசா மாசம் மூணு நாள் கணக்கா மட்டம் போடறாங்களே, நீங்க கேக்கறதில்லையா?" என்று கேட்டார். ஓர் ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அக்னஸ் காது வரை சிவந்து தரையைப் பார்த்தார். தலைமை ஆசிரியை கூரையைப் பார்த்தார். "இதே மாதிரி இருந்தா அடுத்த வருஷம் இந்தப் போஸ்ட் தேவையான்னே யோசிக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் காபி குடித்துப் போனார். அக்னஸுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

தன் வேலை போகும் பயம் ஒரு பக்கம். பிள்ளைகளை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. ஸ்ரீரங்கத்தில் பதினான்கு வயதுப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்த வீட்டில் ஒரு சாக்குக்குத்தான் காத்திருந்தார்கள். டிரிலில் பெயில் என்று ஒரு சீட்டுப் போனால் அவ்வளவுதான், அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். யோசித்து யோசித்து, ஒருநாள் எட்டாம் வகுப்பை வரிசையில் நிறுத்தி ஒரு விஷயம் சொன்னார். "வரிசையில நம்பர் சொல்றப்ப நடுவுல விட்டுப்போகக் கூடாது. பக்கத்துல இருக்கறவ வரலேன்னா, அவ நம்பரையும் நீயே சொல்லிடு."

பெண்கள் சட்டென்று புரிந்துகொண்டார்கள். முப்பத்தாறு பேர் வகுப்பு. அன்று முதல் யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றில் ஆரம்பித்து முப்பத்தாறில்தான் முடியும். வராதவளின் நம்பரைச் சொல்லும்போது குரலை மாற்றிச் சொல்லக்கூடக் கற்றுக்கொண்டார்கள், கெட்டிக்காரிகள். அக்னஸ் அந்த நேரத்தில் அண்ணாந்து பருந்து பார்ப்பார். பிறகு ரிஜிஸ்டரில் முப்பத்தாறுக்கு முப்பத்தாறு என்று எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொல்லலாமா என்று போய், சொல்லாமலே திரும்பிவிடுவார்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம். ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பிள்ளைகளின் உடல்திறனைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமை கடைசிப் பீரியடு எட்டாம் வகுப்புக்கு டிரில். மேற்கே நல்ல மழை, காவிரி நிரம்பிப் போகிறது, மிச்சத் தண்ணீரை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்புவார்கள் என்று முந்தின நாள் சாயங்காலம் கரையோரத் தெருக்களில் தமுக்கு அடித்திருந்தார்கள். பாலக்கரையில் இருக்கும் அக்னஸுக்குத் தெரியாது. தெரிந்த தலைமை ஆசிரியை, "தண்ணி தெறப்பாங்களாம், கரையோரமாவே வச்சுக்கம்மா. ஓட்டம் ஒரு தடவையாவது பாத்துடணும்" என்றார். அக்னஸ் ஆற்றைப் பார்த்தார். மணல் காய்ந்து கிடந்தது. வெள்ளம் வந்து இறங்குவதை அவர் கண்ணால் பார்த்ததில்லை, இன்ஸ்பெக்டரைப் பார்த்திருக்கிறார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இறங்கியதும் நம்பர் சொன்னார்கள். முப்பத்தாறு. இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நிஜத்தில் முப்பத்துநாலு.

பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்றரை மணி இருக்கும். சற்றுத் தள்ளித் துணி உலர்த்திக்கொண்டிருந்த வண்ணார் தங்கையன் திடீரென்று கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு ஓடிவந்தார். "டீச்சரம்மா, மேக்கால பாருங்க! பிள்ளைங்கள மேல ஏத்துங்க!"

மேற்கே பார்த்தார். மணலின் நிறத்திலேயே ஏதோ அசைந்தது. அது நகர்ந்து வருகிறது என்று தெரிந்ததும் விசிலை வாயில் வைத்தார். ஒரு நீள விசில். பிள்ளைகள் ஓடிவந்தார்கள். தாவணியை அள்ளிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, கரைமேல் ஏறினார்கள். ஏறியதும் அக்னஸ் மூச்சு வாங்க, "நம்பர்!" என்றார்.

ஒன், டூ, த்ரீ என்று கணகணவென்று ஓடியது வரிசை. ஒரு தடங்கல் இல்லை. "தர்ட்டி சிக்ஸ்" என்று கடைசிப் பெண் கத்தினாள்.

அந்த எண்ணிக்கையைக் கேட்டுத்தான் அவருக்கு உயிரே போயிற்று. முப்பத்தாறு எப்படி வரும்? வந்ததே முப்பத்துநாலு. இந்த முப்பத்தாறில் எத்தனை பேர் நிஜம், எத்தனை பேர் வெறும் சத்தம்? "இப்ப நிஜமா சொல்லுங்கடி, இருக்கறவங்க மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சினார். பிள்ளைகள் பயத்தில் வெலவெலத்துப் போயிருந்தார்கள். பயந்தால் மனசு பழகினதைத்தான் செய்யும். மறுபடியும் ஒன், டூ, த்ரீ, மறுபடியும் முப்பத்தாறு.

அக்னஸ் வரிசையின் தலைமாட்டுக்குப் போய், முதல் பெண்ணின் தலையில் கை வைத்தார். ஒன்று. அடுத்த தலை. இரண்டு. கடைசித் தலை முப்பத்துமூன்று.

"யாருடி இல்லை?" என்று அவர் கேட்ட குரல், விசில் இல்லாமல் அவர் வாழ்க்கையில் போட்ட முதல் சத்தம் என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஓட்டத்துக்குச் சிவப்புக் கொடி காட்டிக்கொண்டிருந்த வேலம்மாள் என்ற பெண் அழுதாள். "பவுனு, டீச்சர். நான்தான் அவ நம்பரச் சொன்னேன். அவங்க அம்மா நடவுக்குப் போறாங்களாம். தம்பியப் பாத்துக்கணும்னு, ஓட்டம் நடக்கறப்பவே கிளம்பிட்டா. நம்பர் குறையாம நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

"எந்தப் பக்கமாப் போனா?"

வேலம்மாள் ஆற்றைக் காட்டினாள்.

பவுனம்மாள் பாதிக்கு மேல் கடந்து போயிருந்தாள். நீலத் தாவணி சின்னதாகத் தெரிந்தது. ஆடிக் காற்று புரட்டிப் புரட்டி அடித்ததில் அவளுக்கு முதல் விசில் கேட்டிருக்காது. சாவகாசமாகக் குனிந்து மணலில் எதையோ பொறுக்கினாள். மேற்கேயிருந்து பழுப்புத் தண்ணீர் பள்ளம் பார்த்து நுழைந்து, நுரையும் செத்தையுமாக இந்தக் கரையோரம் முதலில் வந்தது.

"ஊதுங்க டீச்சர், ஊதுங்க!" என்று பிள்ளைகள் அலறினார்கள்.

விசில் ஏற்கெனவே அவர் பல்லுக்கிடையில் இருந்தது. மூச்சும் இழுத்துவிட்டார். அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது. காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்தது, ஊதினால் கேட்கும், பவுனு வருவாள். என்ன ஏது என்று கேட்கமாட்டாள். மற்ற பிள்ளைகளாவது ஒரு நிமிஷம் யோசிக்கும். இவள் யோசிக்கமாட்டாள், திரும்பி நேராகத் தன்னிடம் ஓடி வருவாள். நடுவில் இந்தப் பள்ளம் நிறைந்துகொண்டிருந்தது.

"கூப்பிட்டுடாதீங்கம்மா" என்றார் தங்கையன். "இந்தப் பக்கம்தான் ஆழம். அந்தப் பக்கம் மேடு. போற வழியே போயிட்டா பொழைச்சுக்கும்."

அக்னஸ் விசிலைத் துப்பினார். "யாரும் சத்தம் போடக் கூடாது! வாயைப் பொத்துங்க!" முப்பத்துமூன்று பேரும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் கூப்பிடாமல் விட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? மேட்டுக்குப் போய்ச் சேருமுன் தண்ணீர் அவளை எட்டிவிட்டால்? கூப்பிட்டாலும் போச்சு, கூப்பிடாவிட்டாலும் போச்சு. மரியே, மரியே என்று உதடு முணுமுணுத்தது.

அப்போது பவுனம்மாள் நின்றாள். இரைச்சல் எட்டியிருக்க வேண்டும். மேற்கே பார்த்தாள். பிறகு, ஓடுவதை விட்டுவிட்டு, கரையைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் என்ன சொல்கிறார் என்று பார்த்தாள். அசையாமல் நின்றுகொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தாள். பாவி நான் இப்படிப் பழக்கி வைத்திருக்கிறேனே என்று அக்னஸுக்கு நெஞ்சு வெடித்தது.

வேலம்மாள் கையிலிருந்த சிவப்புக் கொடியைப் பிடுங்கினார். இரண்டு கையாலும் உயரத் தூக்கி, வடக்கே பார்த்து, அக்கரையைப் பார்த்துக் குத்தி நீட்டினார். தோளே கழன்றுவிடும் போல மறுபடியும் நீட்டினார். போ. போடி. அந்தப் பக்கம்.

பவுனம்மாள் அரை நொடி திகைத்தாள். மட்டம் போட்டவளை டீச்சர் போகச் சொல்வாரா? ஆனால் கொடி விளையாட்டில் அவள் தப்பாக ஓடினதே கிடையாது. தாவணியை இழுத்துச் செருகினாள். திரும்பினாள். ஓடினாள். தண்ணீர் நடு மணலுக்கு ஏறி அவள் பின்னாலேயே பரவியது. நீலம் நாணல் புதருக்குள் போய் மறைந்தது. அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று இங்கிருந்து தெரியவில்லை. ஆறு முழுக்கத் தண்ணீர்.

பிள்ளைகளைத் தங்கையனோடு பள்ளிக்கு அனுப்பிவிட்டு அக்னஸ் கொள்ளிடம் பாலத்துக்கு ஓடினார். பஸ் வந்ததா, நின்றதா, எதையும் பார்க்கவில்லை. பாலத்தின் மேல் நடந்தபோது அடியில் தண்ணீர் தூண்களை இடித்துக்கொண்டு போயிற்று. மரக்கிளை போயிற்று, வைக்கோல் போர் போயிற்று. ஒவ்வொரு தூணுக்கும் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தார், நீலமாக ஏதாவது தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியாதது நல்லதா கெட்டதா என்றுகூட அவருக்கு விளங்கவில்லை. ஓரிடத்தில் நீலமாக ஒன்று சுழன்று போயிற்று. அது யாரோ உலர்த்திய புடவை என்று புரிவதற்குள் பாதி செத்துவிட்டார். அந்தப் பாலத்தில்தான் மாதாவிடம் நேர்ந்துகொண்டார். அவளை உயிரோடு காட்டு, திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், அந்த மூன்று நாள் விஷயத்தையும் சேர்த்து. சொல்லவும் செய்தார். அந்தச் சிவப்பு மைக் குறிப்பு அப்படி வந்ததுதான்.

அக்கரையில் இறங்கி, கரையோரமாகவே விசாரித்துக்கொண்டு போனார். பவுனம்மாள் வீடு என்று ஒரு கிழவர் காட்டிய குடிசை வாசலில் கூட்டம் ஏதும் இல்லை. கூட்டம் இல்லாததே பயமாக இருந்தது. இன்னும் யாருக்கும் தெரியாதோ? வாசலில் சேற்றுக் காலோடு ஒரு பெண் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். பவுனம்மாளின் அம்மா காளியாயி. வெள்ளத்தைப் பார்த்ததும் நடவை விட்டு வந்திருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா" என்று பதறி எழுந்தாள். "என்ன இப்படி மூச்சு வாங்குது? எதுக்கு அழுவுறீங்க?"

"பவுனு... பவுனு எங்கே?"

"உள்ளதான் இருக்கா. மழையுமில்ல ஒண்ணுமில்ல, முழுசா நனைஞ்சு வந்து நிக்கிறா. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. ஏதும் தப்பு பண்ணிட்டாளா?"

கதவுக்குப் பின்னாலிருந்து பவுனம்மாள் மெல்ல வெளியே வந்தாள். பாவாடை இடுப்பு வரை சேறு. இடுப்பில் தம்பிப் பயல் விரல் சப்பிக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் பயம் அப்பிக் கிடந்தது. அது தண்ணீருக்குப் பயந்த பயம் இல்லை. அந்த மாதிரிப் பயத்தை அக்னஸ் தினமும் கண்ணாடியில் பார்த்தவர்.

"டீச்சர்" என்றாள் பவுனம்மாள், அழுகையை விழுங்கிக்கொண்டு. "வேலு சரியாச் சொல்லலையா? நம்பர் குறைஞ்சுபோச்சா டீச்சர்?"

அக்னஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஏறினார். கிட்டே போய் அவள் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். முடி ஈரமாக, மணலோடு நறநறவென்று இருந்தது.

"முப்பத்திநாலு" என்றார்.

காளியாயிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க டீச்சரம்மா முப்பத்திநாலு?" என்று இரண்டு தரம் கேட்டாள். அக்னஸ் கையை எடுக்கவில்லை.